செடித் தொட்டியும் சிறு மீன்களும்: சிங்கப்பூர் வீடுகளுக்கான கேள்வி பதில்

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இரண்டடித் தொட்டி ஒன்றை வைத்து, நன்னீர்ச் செடிகளோடு சிறு மீன்களையும் வளர்க்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. தண்ணீரைச் சூடாக்குவது எப்படி என்றுதான் அவை தொடங்கும். நம் ஊரில் கதை தலைகீழ். இங்கே மீன் சாவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்தாம்: குழாய்த் தண்ணீரில் உள்ள குளோராமின், சூடான தண்ணீரில் குறைந்துபோகும் உயிர்வளி (ஆக்சிஜன்). கீழே உள்ள பதில்கள் பலவும் இந்த இரண்டையும் சுற்றியே வரும்.

முதல் தொட்டி எவ்வளவு பெரியதாக இருக்கலாம்?

60 × 30 × 36 செ.மீ. தொட்டி நல்ல தொடக்கம். கணக்குப்படி 65 லிட்டர் கொள்ளும். மண், கல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக உண்மையில் 50 லிட்டர்தான் தண்ணீர் இருக்கும். மருந்து, உரம், ஆன்ட்டி-குளோரின் (குழாய்த் தண்ணீரின் குளோரினை நீக்கும் திரவம்) எதை அளந்தாலும் இந்த 50 லிட்டரையே கணக்கில் கொள்ளுங்கள்.

மேசையில் அழகாக இருக்கிறது என்று 10 லிட்டர் கண்ணாடிப் பெட்டியை வாங்கிவராதீர்கள். தண்ணீர் குறையக் குறையத் தவறுக்கு இடமில்லாமல் போகும். ஒரு மீன் செத்துக் கண்ணில் படாமல் கிடந்தால் 50 லிட்டர் தொட்டி தாங்கிக்கொள்ளும், 10 லிட்டர் தாங்காது.

நிறைந்த தொட்டியும் தாங்கியும் சேர்ந்து ஏறக்குறைய 80 கிலோ வரும். சுவரோரம், சமதளத்தில், மேற்கு வெயில் படாத இடமாகப் பார்த்து வையுங்கள். பழைய புத்தக அலமாரியின் மேல் வைக்க வேண்டாம். ஈரம் பட்டால் மரத்தூள் பலகை உப்பிவிடும்.

குழாய்த் தண்ணீரை வாளியில் ஒரு நாள் பிடித்து வைத்தால் குளோரின் போய்விடாதா?

போகாது. வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் இந்த வழக்கம் வெறும் குளோரினுக்குப் பொருந்தும். சிங்கப்பூரில் பொதுப் பயனீட்டுக் கழகம் தண்ணீரில் சேர்ப்பது குளோராமின், அதாவது குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த சேர்மம். அது ஒரு நாளில் ஆவியாகிப் போகாது. போதாக்குறைக்கு, திறந்த வாளி கொசு முட்டையிட வசதியான இடம்.

ஒவ்வொரு முறையும் ஆன்ட்டி-குளோரின் சேர்க்கத்தான் வேண்டும். அதிலும் இரண்டு வகை உண்டு. மலிவான வகை வெறும் சோடியம் தயோசல்ஃபேட் கரைசல். குளோராமினை உடைத்துக் குளோரினை நீக்கும், ஆனால் பிரிந்து வரும் அம்மோனியாவைத் தண்ணீரிலேயே விட்டுவிடும். பாக்டீரியா நன்கு வேரூன்றிய பழைய தொட்டி அதைச் சமாளிக்கும், புதுத் தொட்டியால் முடியாது. ஆகவே, “குளோராமின், அம்மோனியா இரண்டுக்கும்” என்று புட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். சீகெம் பிரைம் இந்த வகைதான். அதன் அளவு 200 லிட்டருக்கு 5 மில்லி. அப்படியென்றால் 20 லிட்டர் வாளிக்கு அரை மில்லி. மருந்துக்கடையில் கிடைக்கும் 1 மில்லி ஊசிக்குழல் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். மூடியில் ஊற்றிக் கண்ணளவில் பார்க்க வேண்டாம்.

குழாயிலிருந்து ரப்பர்க் குழாய் போட்டு நேரே தொட்டியை நிரப்புகிறவர்கள், ஊற்றும் தண்ணீருக்கு மட்டும் போடாமல் தொட்டியின் முழுக் கொள்ளளவுக்கும் மருந்தை முதலில் விட்டுவிட்டுப் பிறகு குழாயைத் திறக்க வேண்டும்.

ஹீட்டர் வேண்டுமா?

வேண்டாம், ஒரே ஒரு சூழ்நிலையைத் தவிர. தொட்டி இருக்கும் அறையில் இரவு முழுவதும் ஏசி ஓடினால், விடியற்காலையில் தண்ணீர் 24, 25 டிகிரிக்கு இறங்கும், பிற்பகலில் 30-க்கு ஏறும். நாள்தோறும் இப்படி ஏறி இறங்குவது நிலையான 30 டிகிரியைவிட மீனுக்குக் கெடுதல். வெள்ளைப் புள்ளி நோய் வருவதும் பெரும்பாலும் இப்படித்தான். தொட்டியை வரவேற்பறைக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் 50 வாட் ஹீட்டர் ஒன்றை 27 டிகிரியில் வைத்தால் இரவு வீழ்ச்சி தடுக்கப்படும்.

அப்படியானால் தண்ணீரைக் குளிர்விக்க என்ன செய்வது?

முதலில் குளிர்விக்கத்தான் வேண்டுமா என்று யோசியுங்கள். ஏசி இல்லாத வீவக வரவேற்பறையில் தொட்டித் தண்ணீர் 28 முதல் 31 டிகிரி வரை இருக்கும். அந்த வெப்பத்திலேயே பிறந்து வளரும் மீன்களும் செடிகளும் ஏராளம். அவற்றைத் தேர்ந்தெடுத்தால் பாதித் தொல்லை தீர்ந்தது.

அதற்கு மேலும் குறைக்க வேண்டுமானால், விளிம்பில் மாட்டும் சிறு மின்விசிறி போதும். நீர்ப்பரப்பின் மேல் காற்று வீசி, ஆவியாவதால் 2 முதல் 3 டிகிரி குறையும். மழை நாளில் ஈரப்பதம் கூடியிருக்கும்போது அந்த அளவுக்குக் குறையாது. விசிறி ஓடும் இரண்டடித் தொட்டி நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்கு மேல்கூட வற்றும். வற்றுவது தண்ணீர் மட்டுமே, அதிலுள்ள உப்புகள் தொட்டியிலேயே தங்கிவிடும். மேலுக்கு மேல் ஊற்றி நிரப்பிக்கொண்டே வாராந்தரத் தண்ணீர் மாற்றத்தைத் தவறவிட்டால் கடினத்தன்மை மெல்ல மெல்ல ஏறும்.

விசிறி வைத்தால் கண்ணாடி மூடி போட முடியாது, ராஸ்போரா மீன்கள் எகிறிக் குதிக்கும். இதற்கு எளிய வழி, கொசுவலைத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி மூடியாக வைப்பது. காற்று போகும், மீன் தாண்டாது, கொசு இறங்காது.

தண்ணீரைக் குளிரூட்டும் சில்லர் கருவி சில நூறு வெள்ளி ஆகும். கிரிஸ்டல் ரெட் இறால் போன்ற குளிர்விரும்பிகளுக்கு மட்டுமே அது தேவை. வாங்கினால் அதைத் தாங்கியின் மூடிய அறைக்குள் வைக்காதீர்கள். அது வெளியேற்றும் சூட்டையே திரும்ப இழுத்து, நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும்.

அடியில் என்ன மண் போடுவது?

செடிதான் முக்கியம் என்றால் அக்வாசாயில் எனப்படும் சுட்ட மண் உருண்டைகள். முன்பக்கம் 3 செ.மீ., பின்பக்கம் 8 செ.மீ. என்று சரிவாகப் போட இரண்டடித் தொட்டிக்கு 9 லிட்டர்ப் பை ஒன்று சரியாக இருக்கும். இங்குள்ள குழாய்த் தண்ணீரின் பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு) பெரும்பாலும் 7-க்கு மேலேயே இருக்கும். அக்வாசாயில் அதை 6.5-ஐ ஒட்டி இறக்கிவிடும். வேர் தின்னவும் சத்து இருக்கும். குறை என்னவென்றால், முதல் சில வாரங்கள் அம்மோனியாவைக் கக்கும். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் சத்து தீர்ந்து உருண்டைகள் நொறுங்கத் தொடங்கும். போடும் முன் கழுவக் கூடாது, கழுவினால் சேறாகிவிடும்.

ஆற்றுமணல், சிறு கூழாங்கல் ஆகியவை எதையும் மாற்றாது. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் போன்ற கல்லில் ஒட்டும் செடிகளுக்கு இவை போதும். கிரிப்டோகோரைன் நட்டால் வேருக்கருகே உர மாத்திரை புதைக்க வேண்டும்.

கல் வாங்கும்போது மேலே இரண்டு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது, தண்ணீரைக் கடினமாக்கும். பல வீடுகளில் பிஎச் ஏன் இறங்கவில்லை என்று தேடினால் கடைசியில் கல்லில்தான் போய் முடியும்.

தொட்டி வைத்த அன்றே மீன் விடலாமா?

கூடாது. இந்த ஒரு பதிலைப் பொறுமையாகப் படியுங்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் மீன்களைப் பறிகொடுப்பது இங்கேதான்.

மீனின் கழிவும் மிச்ச உணவும் அம்மோனியாவாகும். ஒருவகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், இன்னொருவகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவது செடிக்கு உணவு. பாக்டீரியா ஃபில்டர் பஞ்சிலும் மண்ணிலும் குடியேறிப் பெருக மூன்று முதல் ஐந்து வாரம் ஆகும். நம் ஊர் வெப்பம் இதற்குச் சாதகம், குளிர்நாடுகளைவிடச் சற்று வேகமாகவே நடக்கும்.

அக்வாசாயில் போட்ட தொட்டியில் அம்மோனியாவைத் தனியாகச் சேர்க்கத் தேவையில்லை. முதல் நாளே செடிகளை நெருக்கமாக நட்டு, முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் பாதித் தண்ணீரையும், இரண்டாம் வாரம் இரண்டு முறையும், அதன்பின் வாரம் ஒருமுறையும் மாற்றுங்கள். வெறும் மணல் தொட்டியானால் அம்மோனியம் குளோரைடு வேண்டும். 50 லிட்டருக்கு 0.3 கிராம் போட்டால் ஏறக்குறைய 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) அம்மோனியா கிடைக்கும். நைட்ரைட் ஏறி, உச்சம் தொட்டு, இறங்கும்வரை மூன்று நாளுக்கு ஒருமுறை சோதியுங்கள்.

முடிந்துவிட்டது என்பதற்கு அடையாளம் இது: மாலையில் 0.3 கிராம் போட்டு, மறுநாள் மாலை சோதித்தால் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டும் சுழியம். அக்வாசாயில் தொட்டியில் எதுவும் போடாமலே ஒரு வாரம் முழுக்க இரண்டும் சுழியமாக நிற்க வேண்டும். தாளில் நனைத்துப் பார்க்கும் பட்டைகளைவிடத் திரவச் சோதனைப் பெட்டி நம்பகமானது.

நோயில்லாத பழைய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஃபில்டர் பஞ்சு ஒரு துண்டு வாங்கி உங்கள் ஃபில்டருக்குள் போட்டால் காலம் பாதியாகக் குறையும். புட்டிப் பாக்டீரியாவைவிட இது மேல் என்பது எங்கள் கருத்து.

ஆன்ட்டி-குளோரின் போட்ட பிறகும் சோதனையில் அம்மோனியா தெரிகிறதே?

தண்ணீர் மாற்றிய உடனே சோதித்திருப்பீர்கள். குளோராமின் உடைந்து வந்த அம்மோனியா அது. சோதனை மொத்த அம்மோனியாவையும் சேர்த்துக் காட்டும். மறுநாள் சோதித்துப் பாருங்கள்.

எவ்வளவு ஆபத்து என்பதை பிஎச் முடிவு செய்கிறது. 30 டிகிரியில், பிஎச் 7 ஆனால் மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவில் இருக்காது. பிஎச் 8 ஆனால் அதுவே ஏழெட்டுப் பங்கு. வெறும் மணலும் சுண்ணாம்புக் கல்லும் உள்ள தொட்டியில் அதே அம்மோனியா அளவு மீனைக் கொல்வதும், அக்வாசாயில் தொட்டியில் கொல்லாமல் விடுவதும் இதனால்தான்.

எந்தச் செடிகள் 30 டிகிரி தாங்கும்?

அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், பியூசெபலாண்ட்ரா, கிரிப்டோகோரைன் வெண்ட்டீ, வாலிஸ்னேரியா, ஹைக்ரோஃபிலா, ஜாவா மாஸ். இவற்றில் முதல் மூன்றையும் மண்ணில் புதைக்கக் கூடாது. கிழங்குபோல் படுத்திருக்கும் தண்டு மண்ணுக்குள் போனால் அழுகும். கட்டியான சூப்பர் குளூவை மிளகளவு கல்லில் வைத்து, வேரை அழுத்திப் பத்து எண்ணினால் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பசை தண்ணீரில் வெள்ளையாகத் தெரியும், மீனுக்குக் கெடுதல் இல்லை, சில வாரங்களில் மாஸ் மூடிவிடும்.

தரைவிரிப்புச் செடிகளான மான்டி கார்லோ, ஹெச்சி (ஹெமியாந்தஸ்) போன்றவை சிஓ2 (கரியமில வாயு) செலுத்தாமல், இந்தச் சூட்டில், தொடங்குகிறவர்களுக்குக் கைகூடுவது அரிது.

கிரிப்டோகோரைன் நட்ட ஒரே வாரத்தில் கண்ணாடிபோல் ஆகிக் கரைந்துவிட்டது. செத்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. பண்ணையில் அது தண்ணீருக்கு வெளியே வளர்ந்திருக்கும். அந்த இலைகள் தண்ணீருக்குள் வாழ ஏற்றவையல்ல. கரைந்த இலைகளை எடுத்துவிடுங்கள், வேரைப் பிடுங்காதீர்கள். இரண்டு மூன்று வாரத்தில் நடுவிலிருந்து குறுகலான, நிறம் மாறிய சின்ன இலை சுருண்டபடி எட்டிப் பார்க்கும். அதுதான் தண்ணீருக்குள் பிறந்த முதல் இலை. அந்த நேரத்தில் இடம் மாற்றி நட்டால் திரும்பவும் கரையும்.

இந்த இனத்துக்கும் நம் ஊருக்கும் உறவு உண்டு. கிரிப்டோகோரைன் திமாஹென்சிஸ் என்ற இயற்கைக் கலப்பினம் சிங்கப்பூருக்கே உரியது, புக்கிட் தீமாவின் பெயரைத் தாங்கியது. அது பாதுகாக்கப்பட வேண்டிய செடி. கடையில் வாங்குவது வேறு இனங்களே.

மீன்கள்: எவை, எத்தனை?

50 லிட்டருக்கு ஒரு நல்ல கூட்டணி: ஹார்லிக்குவின் ராஸ்போரா 10, கோரிடோராஸ் ஸ்டெர்பாய் 6, அமானோ இறால் 5. ஹார்லிக்குவின் மலாயத் தீபகற்பத்தின் மீன், சிங்கப்பூர்ச் சதுப்புக் காட்டு ஓடைகளுக்கும் உரியது. நம் வெப்பம் அதற்குப் புதிதல்ல. ஸ்டெர்பாய் மற்ற கோரிகளைவிட வெப்பம் தாங்கும். சிறியவையே வேண்டுமென்றால் எம்பர் டெட்ரா 15 விடலாம். ஒரு ஜோடி ராமிரெசி வைக்கலாம், அது 28 டிகிரிக்கு மேல்தான் நன்றாக இருக்கும். ஆனால் பழகிய தொட்டியில் மட்டுமே.

எல்லாவற்றையும் ஒரே நாளில் விடாதீர்கள். முதலில் ஐந்தாறு, பத்து நாள் பொறுத்து அடுத்த கூட்டம். கூட்ட மீன்களை ஆறுக்குக் குறைவாக வாங்கினால் மூலையில் ஒளிந்தே வாழும்.

நியான் டெட்ரா எங்கள் வீட்டில் மட்டும் நிலைப்பதில்லை. ஏன்?

உங்கள் வீட்டில் மட்டுமல்ல. நியான் டெட்ராவுக்குப் பிடித்தது 20 முதல் 26 டிகிரி வரையுள்ள தண்ணீர். 30 டிகிரியில் நாளாக ஆக மெலிந்து, நிறம் மங்கி, ஒவ்வொன்றாகப் போகும். அதே நீலமும் சிவப்பும் வேண்டுமானால் கார்டினல் டெட்ரா வாங்குங்கள். சிவப்புக் கோடு வயிற்றின் முழு நீளத்துக்கும் ஓடினால் கார்டினல், பாதியில் தொடங்கி வால்வரை மட்டும் இருந்தால் நியான். கடைத் தொட்டியில் பெயர் மாறிக் கிடப்பதும் உண்டு, கோட்டைப் பார்த்து வாங்குங்கள். ஒயிட் கிளவுட் மின்னோ இதைவிடக் குளிர் விரும்பி, சில்லர் இல்லாத வீட்டுக்கு வேண்டாம்.

கடையிலிருந்து கொண்டுவந்த மீனை எப்படி விடுவது?

விளக்கை அணைத்துவிட்டு, பையை மூடியபடியே கால் மணி நேரம் மிதக்க விடுங்கள். பிறகு திறந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அரைக் கோப்பைத் தொட்டித் தண்ணீரை உள்ளே ஊற்றி வாருங்கள். அரை மணி நேரம் போதும். வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள், கடைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது. செராங்கூன் நார்த்திலிருந்தோ கிளமெண்டியிலிருந்தோ பேருந்தில் வரும் நேரத்தில் பை வெயிலில் படாமல் துணிப்பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

இடம் இருந்தால் 20 லிட்டர் பெட்டி ஒன்றில், பழகிய பஞ்சு ஃபில்டருடன், புது மீனை இரண்டு வாரம் தனியே வைத்துப் பார்ப்பது பல தொட்டிகளைக் காப்பாற்றும்.

விளக்கு எத்தனை மணி நேரம்?

முதல் மாதம் 6 மணி நேரம், பிறகு 8. அதற்கு மேல் வேண்டாம். டைமர் கட்டாயம். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து பார்க்க விரும்புகிறவர்கள் மதியம் மூன்று மணிக்குத் தொடங்கி, முதல் மாதம் இரவு ஒன்பதுக்கும் பிறகு பதினொன்றுக்கும் முடியும்படி வைத்துக்கொள்ளலாம்.

சிஓ2 வேண்டுமா? வைத்தால் எப்படி அளப்பது?

மேலே சொன்ன செடிகளுக்குத் தேவையில்லை. சிவப்புத் தண்டுச் செடிகளும் தரைவிரிப்பும் வேண்டுமென்றால்தான் தேவை.

வைப்பதானால்: உருளை, ரெகுலேட்டர், டைமரோடு இணைந்த சொலினாய்டு (மின்சாரத்தால் திறந்து மூடும் அடைப்பான்), தண்ணீர் திரும்பி ஏறாமலிருக்கச் செக் வால்வு, குமிழி எண்ணி, வாயுவை நுண்குமிழிகளாக்கும் டிஃப்யூசர். நொடிக்கு ஒரு குமிழியில் தொடங்குங்கள். விளக்கு எரிவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு திறந்து, விளக்கு அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு மூடுங்கள்.

அளக்க, தொட்டிக்குள் மாட்டும் சிறு கண்ணாடிக் குமிழான டிராப் செக்கர் வாங்குங்கள். அதற்குள் தொட்டித் தண்ணீரை ஊற்றக் கூடாது. கேஎச் (கார்பனேட் கடினத்தன்மை) 4 என்று அளவிட்ட கரைசலும் நிறங்காட்டியும் மட்டுமே. நீலம் என்றால் குறைவு, இளம்பச்சை என்றால் 30 பிபிஎம் அளவில் சரி, எலுமிச்சை மஞ்சள் என்றால் அதிகம். நிறம் இரண்டு மணி நேரம் தாமதித்துத்தான் மாறும். ஆகவே ரெகுலேட்டரைத் திருகிவிட்டு உடனே பார்த்து மறுபடி திருகுவது மீனுக்கு ஆபத்து. ஒரு நாளுக்கு ஒரு சிறு மாற்றம், அவ்வளவுதான். நிறத்தைவிட முக்கியம் மீனின் நடத்தை. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்தால் உடனே சிஓ2-ஐ நிறுத்திக் காற்றுப் பம்ப்பைப் போடுங்கள்.

உரம்?

நுண்சத்தும் பேரூட்டமும் சேர்ந்த ஆயத்தத் திரவ உரம் வாங்கி, சிஓ2 இல்லாத தொட்டிக்குப் புட்டியில் சொன்ன அளவில் பாதி போதும். வெளிநாட்டுப் பக்கங்கள் பொட்டாசியம் நைட்ரேட் தூளை வாங்கிக் கலக்கச் சொல்லும். இங்கே அது வெடிபொருள் மூலப்பொருளாகக் கட்டுப்படுத்தப்பட்டது, உரிமமில்லாமல் இணையத்தில் வரவழைக்காதீர்கள்.

பழைய இலை மஞ்சளானால் நைட்ரஜன் குறைவு. பழைய இலையில் ஊசி குத்தியதுபோல் ஓட்டை விழுந்தால் பொட்டாசியம். புது இலை வெளுத்தால் இரும்பு.

பாசி, பாசி, எங்கும் பாசி. என்ன செய்ய?

எந்தப் பாசி என்று முதலில் பாருங்கள்.

கண்ணாடியிலும் இலையிலும் விரலால் தேய்த்தால் போகும் பழுப்புப் பொடியா? புதுத் தொட்டியில் முதல் இரண்டு மாதம் வரும். துடைத்துவிட்டுக் காத்திருங்கள், தானே போகும்.

கண்ணாடியில் பச்சைப் புள்ளி கெட்டியாக ஒட்டியிருக்கிறதா? பழைய அட்டை அல்லது பிளேடால் சுரண்டுங்கள். விளக்கு நேரத்தைக் குறையுங்கள்.

அனுபியாஸ் இலை ஓரத்தில் கரிய தாடிபோல் முளைப்பதுதான் பிடிவாதக்காரப் பாசி. சிஓ2 நாளுக்கு நாள் ஏறி இறங்குவதும், ஃபில்டரில் சேறு மண்டியிருப்பதும் காரணம். ஃபில்டர் பம்ப்பை நிறுத்தி, 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடை ஊசிக்குழலில் எடுத்து, தாடியின் மேல் மெதுவாக விடுங்கள். 50 லிட்டருக்கு மொத்தம் 10 மில்லிக்கு மேல் வேண்டாம். குமிழி கிளம்பும். பத்து நிமிடம் கழித்துப் பம்ப்பைப் போட்டு, கால் பங்குத் தண்ணீர் மாற்றுங்கள். இரண்டு மூன்று நாளில் கருமை இளஞ்சிவப்பாகி வெளுக்கும், அமானோ இறால் மிச்சத்தைத் தின்னும். மாஸ் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காரணத்தைச் சரிசெய்யாவிட்டால் ஒரே மாதத்தில் திரும்பும்.

நீலம் கலந்த பச்சைப் படலம் மண்ணைப் போர்வைபோல் மூடி, சேற்று நாற்றம் அடித்தால் அது பாசியே அல்ல, ஒருவகைப் பாக்டீரியா. குழாயால் உறிஞ்சி எடுத்து, பாதித் தண்ணீர் மாற்றி, தொட்டியைக் கறுப்புத் துணியால் மூன்று நாள் முழுக்க மூடுங்கள். காற்றுப் பம்ப் ஓடியே இருக்க வேண்டும். நீரோட்டம் போய்ச் சேராத மூலையில்தான் இது தொடங்கும். ஃபில்டர் வாயை அந்தப் பக்கம் திருப்புங்கள்.

வாராந்தர வேலை என்ன?

15 லிட்டர் மாற்றுவது, அதாவது 20 லிட்டர் வாளியில் முக்கால் வாளி. கண்ணாடியைத் துடைத்து, காய்ந்த இலைகளைக் கத்தரித்த பிறகு, உறிஞ்சு குழாயை மண்ணின் மேலாக நகர்த்துங்கள். அக்வாசாயிலுக்குள் குத்திக் கிளற வேண்டாம். குழாய்த் தண்ணீரும் தொட்டியும் ஏறக்குறைய ஒரே வெப்பத்தில் இருப்பது நம் ஊரின் வசதி, வெந்நீர் கலக்கும் வேலையில்லை. சில்லர் வைத்தவர்கள் மட்டும் மெதுவாக ஊற்ற வேண்டும்.

எடுத்த தண்ணீர் தாழ்வாரத்துத் தொட்டிச் செடிகளுக்கு நல்ல உரம். தட்டில் தேங்கினால் கொட்டிவிடுங்கள்.

ஃபில்டரைக் கழுவினேன், மறுநாள் மீன்கள் செத்தன.

குழாயடியில் கழுவியிருப்பீர்கள். குளோராமின் பாக்டீரியாவைக் கொன்றுவிட்டது, தொட்டி முதல் நாளுக்குப் போய்விட்டது. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை வாளியில் வைத்து, பஞ்சை அதில் மூன்று நான்கு முறை பிழியுங்கள். காப்பிபோல் பழுப்பாக வரும். அந்தப் பழுப்பு முழுக்கப் போக வேண்டியதில்லை, நீர் தடையின்றிப் போனால் சரி. செராமிக் வளையங்களை அலசினால் போதும். பஞ்சையும் வளையங்களையும் ஒரே நாளில் சுத்தம் செய்ய வேண்டாம்.

மின்தடையாலோ மறதியாலோ கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய ஃபில்டர்) சில மணி நேரம் நின்றுபோயிருந்தால் அப்படியே போடாதீர்கள். உள்ளே உயிர்வளி தீர்ந்து கெட்டுப்போன தண்ணீர் தொட்டிக்குள் பாயும். திறந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, அலசிய பிறகு ஓட்டுங்கள்.

விடியற்காலையில் மட்டும் மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கின்றன.

உயிர்வளிக் குறைவு. 25 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் உயிர்வளி பிடிக்கும், 30 டிகிரியில் 7.6 தான். அதே சூட்டில் மீனுக்கு அதிகமும் தேவை. பகலில் செடி உயிர்வளி தரும். இரவில் செடியும் மீனும் பாக்டீரியாவும் சேர்ந்து இழுக்கும். ஆகவே விடியும்முன் மிகக் குறைவு. விளக்கு அணையும் நேரத்தில் காற்றுப் பம்ப் தொடங்கும்படி டைமர் வையுங்கள். ஃபில்டர் வெளிவாயை உயர்த்தி நீர்ப்பரப்பு சலசலக்கும்படி செய்யுங்கள். மேலே எண்ணெய்ப் படலம் இருந்தால் தாளை விரித்து ஒற்றி எடுங்கள்.

உடலெங்கும் ரவைபோல் வெள்ளைப் புள்ளிகள். வெப்பத்தை ஏற்றினால் போதுமா?

போதாது, மருந்து வேண்டும். புள்ளியாகத் தெரியும் நிலையில் ஒட்டுண்ணியை மருந்து தொடாது. மீனை விட்டு உதிர்ந்து, பெருகி, நீந்தும் நிலையில்தான் சாகும். 28, 30 டிகிரியில் இந்தச் சுழற்சி சில நாளில் முடிந்துவிடும். அதனால் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் மருந்தைத் தொடர வேண்டும். மறைந்தவுடன் நிறுத்துவதுதான் வழக்கமான தவறு. மாலகைட் பச்சை கலந்த மருந்துகள் இறாலுக்கும் கோரிக்கும் கடுமை. பாதி அளவில் தொடங்குங்கள், இறாலை வேறு பெட்டிக்கு மாற்றுங்கள். உப்புப் போட்டால் செடி வாடும். மருந்து நாள்களில் காற்றுப் பம்ப் இடைவிடாமல் ஓட வேண்டும்.

உணவு எவ்வளவு?

நாளுக்கு ஒருமுறை, இரண்டு நிமிடத்தில் தின்று தீரும் அளவு. ஒரு சிட்டிகை என்பது ஆள்காட்டி விரல் நுனியில் ஒட்டுமளவு. வாரம் ஒரு நாள் பட்டினி நல்லது.

மீன் தொட்டியால் கொசு வருமா?

மீன் இருக்கும் தொட்டியில் புழு பிழைக்காது, ராஸ்போரா வேட்டையாடிவிடும். ஆபத்து சுற்றியிருப்பவற்றில்தான்: மீன் விடாமல் வாரக்கணக்கில் ஓடும் புதுத் தொட்டி, கத்தரித்த செடியைப் போட்ட ஜாடி, பால்கனியில் மறந்த வாளி. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் போதும். தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரிகள் சோதனைக்கு வந்து புழுவைக் கண்டால் அபராதம் வீட்டுக்காரருக்கே. மேலே சொன்ன வலைமூடி முதல் நாளிலிருந்தே இருக்கட்டும். செடி ஜாடித் தண்ணீரை ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றுங்கள்.

புகையடிக்க வரும்போது என்ன செய்வது? சாம்பிராணி போடலாமா?

கொசு மருந்துப் புகையிலும் பூச்சிக்கொல்லித் தெளிப்பிலும் இருக்கும் பைரெத்ராய்டு மீனுக்கும் இறாலுக்கும் கொடிய நஞ்சு. புகையடிக்கும் நாளில் சன்னல்களைச் சாத்தி, விசிறியையும் காற்றுப் பம்ப்பையும் நிறுத்தி, ஈரத் துணியால் தொட்டியை மூடுங்கள். ஃபில்டர் ஓடட்டும். புகை அடங்கி, அறையைக் காற்றாட விட்ட பிறகு பம்ப்பைப் போடலாம். கொசுவர்த்தியும் மின் ஆவிப்பானும் தொட்டி அறையில் வேண்டாம்.

சாம்பிராணியில் அந்த நஞ்சு இல்லை. ஆனாலும் காற்றுப் பம்ப் அறைக் காற்றைத்தான் இழுத்துத் தண்ணீருக்குள் ஊதுகிறது. பூசையறைப் புகை அடர்ந்திருக்கும் நேரத்தில் பம்ப்பை நிறுத்தி வைப்பது நல்லது. சந்தனமோ எண்ணெயோ தொட்ட கையைத் தொட்டிக்குள் விடாதீர்கள்.

இரண்டு வாரம் ஊருக்குப் போகிறோம். யாரிடம் விடுவது?

வளர்ந்த மீன்கள் ஒரு வாரம் உணவின்றித் தாங்கும். இரண்டு வாரமென்றால் பக்கத்து வீட்டாரிடம் சாவியைக் கொடுங்கள். ஆனால் உணவுப் புட்டியைக் கொடுக்காதீர்கள், அன்பினால் அள்ளிப் போட்டுவிடுவார்கள். கிழமை எழுதிய மாத்திரைப் பெட்டியில் நான்கு அறைகளில் ஒவ்வொரு சிட்டிகை போட்டு, மூன்று நாளுக்கு ஒரு அறை என்று சொல்லிவிடுங்கள். விசிறியால் வற்றும் தண்ணீரை ஈடுசெய்ய, ஆன்ட்டி-குளோரின் கலந்த தண்ணீரை மூடியுள்ள புட்டிகளில் நிரப்பிவைத்து, கோடு போட்டுக் காட்டுங்கள்.

விளக்கை 5 மணி நேரமாகக் குறையுங்கள். தண்ணீர் மாற்றமும் ஃபில்டர் வேலையும் கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பே முடியட்டும். கிளம்பும் வாரத்தில் புது மீன் வாங்காதீர்கள்.

இனி வளர்க்க முடியவில்லை. நீர்த்தேக்கத்தில் விட்டுவிடலாமா?

கூடாது, சட்டப்படி குற்றம். வளர்ப்பு மீன்களில் பெரும்பாலானவை வெளியே விட்டால் பட்டினியாலோ நோயாலோ செத்துப்போகும். பிழைப்பவை அதைவிடக் கெடுதல். தென்னமெரிக்காவின் பீக்காக் பாஸும் மோட்டோரோ திருக்கையும் நம் நீர்த்தேக்கங்களில் குடியேறியது இப்படி மனிதர் கொண்டுவந்து விட்டதால்தான். ஹார்லிக்குவின் இந்த மண்ணின் மீன்தானே என்றும் விடக் கூடாது. கடையில் வாங்கியது பண்ணையில் வளர்ந்தது, அதன் நோயும் கூடவே காட்டு ஓடைக்குப் போகும்.

மீன்களை வேறொரு வளர்ப்பாளருக்குக் கொடுங்கள், அல்லது வாங்கிய கடையில் கேளுங்கள், சிலர் இலவசமாக எடுத்துக்கொள்வார்கள். செடிகளையும் மாஸையும் சாக்கடையிலோ கால்வாயிலோ போடாமல், செய்தித்தாளில் விரித்து முழுக்கக் காயவைத்து, பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். ஒரு விரல் நீள மாஸ் துண்டு ஈரத்தோடு போனால்கூட மறுபடி வளரும்.